குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும்

கூடக் குழந்தை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடாத இடம் ஒன்று உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி, சர்ச், கல்யாண மண்டபம், பெரிய பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் தனியாகத்தான் நுழைந்திருக்கிறேன். கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் போதும், எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த நேரத்திலும் நம்மை நிறுத்திக் கேட்க மாட்டார்கள்.

என் வேலை அப்படி. ஹோம் நர்ஸ் என்று சொல்வார்கள். நர்சுக்குப் படித்தவள் இல்லை. இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றேன். கொழுந்து எடுத்தேன், ஏலக்காய் எடுத்தேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். பிறகு ஒரு ஏஜென்சியில் பேர் கொடுத்து, அவர்கள் அனுப்பும் வீடுகளில் படுக்கையோடு கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் போட்டு வருகிறேன். கோட்டயம், திருச்சூர், ஒற்றப்பாலம், ஆலப்புழை என்று மாறிக்கொண்டே இருக்கும். எந்த வீட்டிலும் நாலு மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. சில வீடுகளில் கிடப்பவர் இறந்துபோவார். சில வீடுகளில் நானே கிளம்பிவிடுவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே அதே பலாமரத்தை ஒரு அளவுக்கு மேல் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. அவளுடைய அப்பன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன். அவள் பிறப்பதற்கு முன்பே ஒரு டிரிப் போனவன் திரும்பி வரவில்லை. நான் தேடவும் இல்லை. ஹோம் நர்ஸ் வேலைக்குக் கைக்குழந்தையோடு போக முடியாது. என் தங்கச்சி கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்கு வந்து, கூட வேலை செய்த எலப்புள்ளிக்காரரைக் கட்டிக்கொண்டு எலப்புள்ளியிலேயே குடியிருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. எட்டு மாதக் குழந்தையை அவளிடம் கொடுத்து, ஒரு வருஷம் பார்த்துக்கொள் என்றேன். அந்த ஒரு வருஷம் ஒன்பது வருஷமாகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் கொடுத்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. லயத்திலேயே இருந்து கொழுந்து எடுத்து வளர்த்திருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் வளர்க்கிறார்கள். எனக்கு ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அம்மா என்ற இடத்தில் தங்கச்சியின் பேரை எழுதலாமா என்று போனில் கேட்டார்கள். நான் அப்போது ஆலப்புழையில் ஒரு வயதான அம்மச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டு, சரி என்றேன். அதற்குப் பிறகு நான் அவளுக்குப் பெரியம்மா. வருஷத்தில் ரெண்டு தடவை, ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு கிடைக்கும்வரை இருக்கும் இடைவெளியில் எலப்புள்ளிக்குப் போவேன். "பெரியம்மா வந்துட்டாங்கம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விடுவாள்.

இந்தத் தடவை நான் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தேன். இடுக்கியில் ஏலக்காட்டுப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. பின்கட்டில் தனி அறை தருகிறார்கள். பிள்ளை இருந்தால் கூட்டிட்டு வா, பக்கத்திலேயே தமிழ் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மதர் சொன்னார். தங்கச்சியிடம் போனில் சொன்னேன். வா, வந்து பேசு என்றாள்.

போன அன்று மத்தியானம் பின்னால் துவைக்கிற கல்லருகே வைத்துப் பேசினோம். அவள் பாப்பாவின் யூனிஃபார்மைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் தடுக்க மாட்டேன்க்கா" என்றாள். "நீயே அவகிட்ட சொல்லு. வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போ."

"சொல்லுதேன்."

"ஆனா வீட்ல வச்சு சொல்லாத. அழுதான்னா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும்."

"வேற எங்க வச்சு சொல்ல?"

"நாளைக்கு அவரு லீவு போட்ருக்காரு. புள்ளைங்களுக்குன்னு ஒரு மியூசியம் இருக்காமே, எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாமாம். ஒரு மாசமா அவ நச்சரிக்கா. நீயும் வா. அங்க சிரிச்சிட்டு இருப்பா. அப்ப சொல்லு."

சிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் குறைவாக வலிக்கும் என்று அவள் நினைத்திருக்கலாம். ஊசி போடுவதற்கு முன் நாங்களும் நோயாளியிடம் வேறு ஏதாவது பேசுவோம். எனக்கும் அது சரியாகப் பட்டது. துணியின் அழுக்கு எப்போதோ போய்விட்டது, அவள் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை எலுமிச்சைச் சாதம், அவித்த முட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ரெண்டு பையில் போட்டுக்கொண்டு நாலு பேரும் கிளம்பினோம். பஸ்ஸில் பாப்பா தங்கச்சி வீட்டுக்காரரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு அவர்தான் அப்பா. நானும் தங்கச்சியும் பின் சீட்டில். மலைக் கணவாய் வழியாகக் காற்று வீசிக்கொண்டிருந்த மாதம் அது. பாப்பாவுக்கு மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை. ஒரு சடையின் ரிப்பன் காற்றில் பின்னால் பறந்து என் முகத்துக்கு நேரே ஆடியது.

"இடுக்கியில குளிருங்களா பெரியம்மா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"குளிரும். கம்பளி இருக்கு, சொல்லுதேன் இரு."

அவள் அப்பாவின் காதில் போய், எனக்கும் கேட்கும்படியே சொன்னாள். "சொல்லுதேன்னு சொல்றாங்கப்பா."

"அது மலைத் தமிழ் சாமி" என்றார் அவர். "உங்கம்மாளும் வந்த புதுசுல அப்படித்தான் பேசிட்டு இருந்தா. நாந்தான் கஷ்டப்பட்டு மாத்தி உட்டேன்."

"ஆமா, மாத்துனாரு" என்றாள் தங்கச்சி. "சோறு பொங்கறதும் இவருதான் சொல்லிக் குடுத்தாரு. கேட்டுக்கோ."

"பொய் சொல்லாதீங்கம்மா, அப்பாவுக்கு டீ வெக்கவே தெரியாது."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் சிரித்து முடித்த பிறகு.

அந்த இடம் டவுனைத் தாண்டி இருந்தது. நீளமான கட்டடம், முன்னால் புல்வெளி, வாசலில் யானை உயரத்துக்குச் சிமெண்டில் செய்த ஒரு கை. விரல்களுக்கு இடையில் புகுந்துதான் போக வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை, கூட்டம் இருந்தது. தங்கச்சி வீட்டுக்காரர் டிக்கெட் வரிசையில் போய் நின்றார்.

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வேலை பார்க்கும் வீடுகளில் குடும்பத்தோடு எங்காவது போனால் என் பங்கு ஒன்று உண்டு. கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, கடற்கரையோ, வண்டி நின்றதும் பைகளையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். சொல்ல வேண்டியதே இல்லை. சொல்லும்வரை காத்திருந்தால் அவர்களுக்கும் சங்கடம். ஒன்பது வருஷமாக உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. அவர் கவுண்டரில் எத்தனை டிக்கெட் என்று சொல்லப் போகும் நேரத்தில் என் வாய் தானாகச் சொன்னது.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. நான் பையப் பாத்துக்கிடுதேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, நீங்க வர்லீங்களா?"

"இல்ல, நான் இங்கன இருக்கேன்."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். தங்கச்சி என்னைப் பார்த்தாள். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று டிக்கெட் வாங்கினார்கள். தங்கச்சி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். பாப்பா கையை ஆட்டிவிட்டு விரல்களுக்கு நடுவில் ஓடி மறைந்தாள்.

வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஏற்கெனவே ஒரு பெண் மூன்று பைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பையிலிருந்து பால் பாட்டிலின் நிப்பிள் எட்டிப் பார்த்தது. நகர்ந்து இடம் கொடுத்தாள். நல்லேப்பிள்ளிக்காரி, டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் ரெட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று தானாகவே சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எந்த ஊட்டுல நிக்கறீங்க?"

"எலப்புள்ளியில" என்றேன்.

"ஆளுக எப்படி?"

"நல்ல மனுசங்கதான்."

"சோறு நேரத்துக்குக் குடுக்கறாங்களா?"

"அதெல்லாம் குடுப்பாங்க."

"எத்தன நாளா நிக்கறீங்க?"

"ஒம்பது வருசமா."

"ஒரே ஊட்டுலயா? கெட்டிக்காரிதான் போங்க. எனக்கெல்லாம் ஒரு வருசத்துக்குள்ள சண்ட வந்துரும்."

அவள் வெற்றிலைப் பையைத் திறந்து ஒரு பாக்குத் துண்டை நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கடித்த பிறகுதான் நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அன்று நான் வேலையில் இல்லை. என்னை யாரும் பை பார்க்கச் சொல்லவில்லை. எதற்காக அவ்வளவு தூரம் வந்தேனோ அது உள்ளே சிரித்துக்கொண்டிருந்தது.

"என் பையையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

கவுண்டரில் டிக்கெட் கேட்டேன். உள்ளே இருந்த பையன் என் பின்னால் எட்டிப் பார்த்து, குழந்தை எங்கே என்றான். நான் மட்டும்தான் என்றேன். பெரியவர்களுக்கு மட்டும் டிக்கெட் கிடையாது, குழந்தையோடு வந்தால்தான் என்றான். வாசல் காவலரைக் கைகாட்டினான். அறுபது வயது இருக்கும் அவருக்கு. காக்கிச் சட்டை, நரைத்த மீசை. தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"கூட கொழந்த வேணும் சேச்சி. அதாணு ரூல். ஆளுங்க சும்மா வந்து பசங்கள நோக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு."

"என் பிள்ள உள்ள இருக்கு."

"ஆரு கூடப் போச்சு?"

"என் தங்கச்சி கூட."

"நீங்க கொழந்தைக்கு ஆரு?"

"அம்மா" என்றேன்.

ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏஜென்சி ஃபாரத்தில்கூடக் குழந்தைகள் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். குழந்தை இருந்தால் அடிக்கடி லீவு கேட்பாள் என்று வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். அன்று ஒரு காக்கிச் சட்டைக்காரரிடம் சொன்னேன். சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கஷ்டமாகவே இல்லை. ஊர் பேர் சொல்வதுபோல் வந்தது.

என்ன உடை என்று கேட்டார். மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை, இடது புருவத்தில் சின்னத் தழும்பு என்று சொன்னேன். தழும்பு வரைக்கும் தேவையில்லை, ஆனாலும் சொன்னேன். உள்ளே வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அந்தக் குட்டியைக் கூட்டிட்டு வா, அம்மை கேட்டில் நிற்கிறது என்று சொல்லு என்று அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பாப்பா வந்தாள். நடந்து வரவில்லை. ஓடி வந்தாள், முகம் வெளுத்திருந்தது. கூட வந்த பெண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு தெரிந்தது: தங்கச்சி பாத்ரூம் போயிருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஒருத்தி வந்து, உன் அம்மா கேட்டில் நிற்கிறார் என்றால் குழந்தை என்ன நினைக்கும். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்பாவைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

வந்தவள் என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். புல்வெளி, பெஞ்சு, ரோடு எல்லாம் பார்த்தாள்.

"அம்மா எங்கீங்க பெரியம்மா?"

காவலர் குனிந்து கேட்டார். "மோளே, இதல்லே அம்மா?"

"இல்லீங்க. இவங்க பெரியம்மா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அம்மாவுக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல தங்கம்" என்றேன். "அம்மா உள்ளதான் இருக்கா."

காவலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எந்தா சேச்சி இது. உள்ளத சொன்னா போதாதா? பெரியம்மான்னு சொன்னாலும் விடுவேனே."

கவுண்டர் பையனிடம் கையசைத்து ஒரு டிக்கெட் வாங்கித் தந்து, போங்க என்றார். சிமெண்ட் கையின் விரல்களுக்கு நடுவில் பாப்பா முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

உள்ளே ஆளுயரப் பற்கள் இருந்தன. துடைப்பம் போன்ற பிரஷ்ஷால் குழந்தைகள் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு ரெக்சினில் செய்த இருதயம் ஒன்று, ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் தவழ்ந்து வெளியே வரலாம். உள்ளே போனால் டப் டப் என்று சத்தம் கேட்கும். கயிற்றை இழுத்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளும் நாற்காலி. எதிலும் தொடாதே என்று எழுதியிருக்கவில்லை. எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது துரை பங்களாவுக்கு அம்மாவோடு போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வாள். நான் அப்படித்தான் நடந்தேன்.

இருதயத்துக்குப் பக்கத்தில் தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். அதற்குள் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். கண்ணில் பயம் இருந்தது.

"கேட்ல என்னன்னு சொன்ன?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"உள்ள விட மாட்டேன்னாங்க. அதான்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

பாப்பா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. முகத்தை மட்டும் அவள் வயிற்றில் புதைத்து ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். அப்புறம் சரியாகிவிட்டது. குழந்தைகளுக்கு அவ்வளவுதான். என் கையைப் பிடித்து, வாங்க பெரியம்மா, ஒண்ணு காட்டறேன் என்று இழுத்தாள். அவள் கை சூடாக இருந்தது.

ஒரு நீளமான ஹாலின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று ரெண்டு பெரிய கிண்ணங்களைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். ஆள் உட்காரும் உயரத்தில், பெரிய வாணலியை விளிம்பில் நிறுத்தி வைத்தாற்போல. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஸ்டூல். கிண்ணத்தைப் பார்த்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவருக்குக் காதருகே பேசுவதுபோல் கேட்குமாம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். என்னை இங்கே உட்கார வைத்துவிட்டு அவள் அந்தப் பக்கம் ஓடினாள். தங்கச்சி நடுவில் தூணருகே தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ரெண்டு கோடியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

"பெரியம்மா, கேக்குதுங்களா?"

திடுக்கிட்டேன். தோளில் சாய்ந்துகொண்டு பேசுவதுபோல் இருந்தது. அவள் மூச்சுகூடக் கேட்டது. இத்தனை பக்கத்தில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. எட்டு மாதத்தில் பேச்சு வந்திருக்கவில்லை.

"கேக்குது" என்றேன்.

"எனக்கும் கேக்குது. சூப்பரா இருக்குதில்லீங்க? நேத்து ஸ்கூல்ல..." என்று ஏதோ தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "பெரியம்மா, அந்தத் தாத்தாகிட்ட ஏன் அம்மான்னு சொன்னீங்க?"

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாருக்கும் கேட்காது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போதே மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். உனக்கு ஒரு கதை சொல்லட்டா என்று தொடங்குவதாக இருந்தேன். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். தூணருகே தங்கச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எப்படி அசைகிறது என்று.

கேட்டில் ஓடி வந்து என்னைத் தாண்டிப் பார்த்த அந்த முகம் எனக்குள் இருந்தது. மலையில் பின்கட்டு அறையில் முதல் வாரம் அவள் எப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது. அது மட்டுமில்லை. நாலு மாதம் கழித்து அந்த அறையில் நான் இருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. இதை மதரிடம் சொல்லவில்லை, தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"இல்லன்னா உள்ள விட மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"அப்ப பொய்யிங்களா?"

"ஆமா தங்கம். பொய்தான்."

அந்தப் பக்கம் ஸ்டூல் காலை உதைக்கும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன். யோசித்திருக்கிறாள்.

"பரவால்லீங்க பெரியம்மா" என்றாள். "எங்கப்பாகூட முன்னெல்லாம் பஸ்ல எனக்கு நாலு வயசுன்னு சொல்வாரு. கண்டக்டர் என்னைப் பாத்துட்டுச் சிரிப்பாரு. நான் குனிஞ்சு உக்காந்துக்குவேன். அது மாதிரிதானுங்களே?"

"அது மாதிரிதான்."

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கயிற்று நாற்காலிப் பக்கம் ஓடிவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஸ்டூலில் வேறு ஏதோ குழந்தை ஏறியிருக்க வேண்டும். ஹலோ, ஆரா என்று மலையாளத்தில் ஒரு குரல் காதருகே கேட்டது. பதில் சொன்னேன். பூனை இருக்கா என்று கேட்டது. இருக்கு என்றேன். என்ன நிறம் என்றது. வெள்ளை என்றேன். பூனை என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் சொன்னேன். அதன் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை எனக்கு ஒரு பூனை இருந்தது.

தங்கச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு."

அவள் கை கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "என்னன்னு?"

"கேட்ல சொன்னது பொய்ன்னு."

 நான் சொன்னது அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. பிறகு அவள் தோள் இறங்கியது, கழுத்து நரம்பு தளர்ந்தது, பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஊசி போட்ட பிறகு உடம்பிலிருந்து வலி எப்படி இறங்கும் என்று தினமும் பார்க்கிறவள் நான். எனக்குத் தெரியும். அவள் அதை மறைக்கப் பார்த்தாள், அதுவும் தெரிந்தது.

"அப்ப மதர்கிட்ட?" என்றாள்.

"நான் மட்டும் போறேன்னு சொல்லிக்கிடலாம். பாப்போம், எத்தன நாளைக்கு இருக்கேன்னு."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேங்க்கா."

"இல்ல. சாயங்காலமே கிளம்புதேன்."

அவள் மறுபடி வற்புறுத்தவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பெஞ்சிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாப்பா நாற்காலியில் தான் எவ்வளவு உயரம் ஏறினாள் என்பதை அவள் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவர் பாதிதான் என்றார், அவள் கூரை வரைக்கும் என்றாள். நடுவில் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். எங்களுக்குள் ஒரு பொய் இருக்கிறது என்று அர்த்தம். தங்கச்சி எல்லோருக்கும் பேப்பர் தட்டில் சாதம் வைத்தாள். எனக்கு வைக்கும்போது ரெண்டு முட்டை வைத்தாள். அவளுடைய தட்டைப் பார்த்தேன், அதில் முட்டை இல்லை. திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டாள், பாப்பா முன்னால் பேச்சு வளரும்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டாக்கா?" என்று கேட்டாள்.

"வை" என்றேன். வைத்தாள். சாப்பிட்டேன்.